பார்க்கக் கூடாத கரகம்

என் வீட்டுக்காரர் கையில் எதுவும் தங்காது. கல்யாணமான முதல் வாரத்திலேயே, நான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பைக் கிணற்றுக்குள் விட்டார். அதை எடுக்கப் பக்கத்து வீட்டில் பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வந்தார். கயிறு நழுவி அதுவும் உள்ளே போயிற்று. கன்டோன்மென்டில் இருக்கும் தண்டு மார்க்கெட்டுக்குக் கீரைக்கூடை சுமந்து போனால் வழியெல்லாம் கொத்தமல்லி சிந்திக்கொண்டே போகும். அவர் எந்தப் பக்கம் போனார் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை, தரையைப் பார்த்தால் போதும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். நல்ல மனிதர். கோபமே வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்குத்தான் வரும்.

அப்படிப்பட்டவரைக் கரகம் எடுக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒக்கலிபுரத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்து, வாய் மட்டும் அதற்கு மேலும் படித்தவள்.

கரகம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பெங்களூரில் தமிழ் பேசும் தோட்டக்காரச் சனம். எப்போது வந்தோம் என்று எங்களுக்கே தெரியாது. பாதிப் பேச்சு கன்னடமாகிவிட்டது. அம்மனிடம் அழும்போது மட்டும் சுத்தமாகத் தமிழ் வரும். சித்திரைப் பௌர்ணமிக்கு அம்மன் ஒரு குடத்தில் இறங்குவாள். அந்தக் குடத்தின்மேல் மல்லிகையைக் கோபுரம்போல் உயரமாகக் கட்டி, ஓர் ஆண்பிள்ளை தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, விடிந்தபின் கோயிலுக்குத் திரும்புவான். கையால் தொடக் கூடாது. ஒரு கையில் பிச்சுவா, இன்னொரு கையில் கோல். அவனைச் சுற்றி எங்கள் சனத்து ஆண்கள் உருவிய கத்தியோடு வருவார்கள். கரகம் கீழே விழுந்தால் எடுத்தவனை அந்த இடத்திலேயே வெட்டுவோம் என்பது அவர்கள் அம்மன் முன் செய்யும் சத்தியம். அப்படி யாரையும் வெட்டியதாகக் கேள்வியில்லை, கரகம் விழுந்ததாகவும் கேள்வியில்லை. பேட்டையில் எடுக்கும் பெரிய கரகம் ஊரறிந்தது. நான் சொல்வது எங்கள் தோட்டத் தெருக்களுக்குள் எடுத்த சின்னக் கரகம். கரகம் சின்னதென்றாலும் கத்தி நிஜக் கத்தி.

அதை ஒன்பது வருஷம் எடுத்தவர் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன். அந்தத் தை மாதம் அவர் முட்டி வீங்கிப் படுத்துவிட்டார். அடுத்து யார் என்று அம்மன்மேல் பூ வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நாலு பேர் பெயரைச் சொல்லியும் விழாத பூ, இவர் பெயரைச் சொன்னதும் விழுந்ததாம்.

"காத்துல வுழுந்திருக்கும்," என்றேன். "இவரு கையில சொம்பே நிக்காது, தலையில கரகம் நிக்குமா? வேற யாரையாச்சும் பாருங்க, சாமி."

வந்தவர்களில் வயதானவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நாங்க பாக்கலம்மா. அவ பாத்துட்டா," என்றார். பிறகு, மண்வெட்டி இரவல் கேட்கிறவர்போல, "சித்திரைக்கு உன் தாலியும் வேணும்" என்றார்.

என் சிரிப்பு அங்கேயே செத்துப்போயிற்று. வழக்கத்தைக் கேள்விப்பட்டிருந்தேன். கரகம் எடுப்பவன் பெண்ணாகித்தான் அம்மனைச் சுமக்க வேண்டும். பெண்டாட்டியின் தாலியும் வளையலும் அவன் மேல் ஏறும். அவள் வெறுங்கழுத்தோடு, புருஷனை இழந்தவளைப்போல, ஓர் அறைக்குள் அடைந்திருக்க வேண்டும். கரகத்தையும் பார்க்கக் கூடாது, அவனையும் பார்க்கக் கூடாது. அவள் கண் பட்டால் கரகம் விழும் என்பார்கள். இதெல்லாம் யாரோ ஒருத்திக்கு நடப்பதாகவே அதுவரை நினைத்திருந்தேன்.

இவர் முடியாது என்று சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரோ தமக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "எனக்கா?" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே?" தெரிய வேண்டாம் என்றார்கள். இவர் இரண்டு கையையும் குவித்தார். கையிலிருந்த கீரை அறுக்கும் கத்தி நழுவி, பெரியவரின் கால் விரலுக்கு நாலு அங்குலம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

ஒரு குழந்தைக்குக்கூட அது சகுனம் என்று தெரிந்திருக்கும். பெரியவர் காலை நகர்த்திக்கொண்டு வெற்றிலை போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் தோட்டத்தில் குடம் உடைகிற சத்தம்தான். காலையில் கீரைப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில், தலையில் தண்ணீர்க் குடத்தோடு, கையை விட்டுவிட்டு நடந்து பழகுவார். ஏழெட்டு அடி நன்றாக வரும். பிறகு கால் சறுக்கும், அல்லது கொக்கு பறக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது, குடம் விழும். குயவர் தெருவில் எங்கள் வீட்டுக்கென்றே தனியாகச் சூளை போடலாமா என்று கேட்டார்கள். சில்லுகளைப் பொறுக்கிப் பொறுக்கி என் விரலெல்லாம் கீறல்.

ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன். "நிஜமாவே வுழுந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"வுழாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ கூட இருக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "கூட இருந்தா இத்தினி குடம் ஏன் உடையுது? பாத்துக்கினு சும்மாவா இருக்கா?"

அவர் தலையிலிருந்து வழியும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வார். அதுவும் எனக்குப் பிடிக்காது. "எனக்கு பயமாத்தாம்மே இருக்கு," என்றார். "பயப்படாதேன்னு அவ சொல்லல. வரேன்னு மட்டுந்தான் சொல்றா."

"எப்ப சொன்னா?"

"ஒவ்வொரு குடம் உடையறப்பவும்."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

அதைவிடப் பெரிய அடி பங்குனிக் கடைசியில் விழுந்தது. என் அண்ணன் ஒக்கலிபுரத்திலிருந்து வந்தான். அப்பா இல்லாத வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தவன் அவன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தான். கத்தி எடுக்கிறவர்கள்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"நீ இன்னாத்துக்கு இந்த வருஷம் கட்டிக்கினே?" என்றேன்.

"வருஷா வருஷம் கட்டறதுதானே. மச்சான் எடுக்கறாருன்னு சத்தியத்த மாத்த முடியுமா?"

"வுழுந்தா நீ வெட்டுவியா? உன் கையாலயா?"

"வுழாதுடி."

"வுழுந்தா?"

அவன் காப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தான். அதுதான் பதில் என்று எனக்கு விளங்கியது. எனக்குப் புருஷனைத் தேடித் தந்தவன் கையில்தான் அவரை வெட்டும் கத்தியும். அன்றைக்கு அண்ணனுக்குச் சோறு போடவில்லை. கூடப் பிறந்தவனைப் பட்டினியாக அனுப்பியது அந்த ஒரு நாள்தான்.

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் முன்பு தாலியைக் கழற்றினார்கள். கழற்றியவள் என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி. ஒன்பது வருஷம் அந்த அறையில் இருந்து பழகியவள் அவள்தான். நெட்டையான உடம்பு, இறுகிய வாய், உப்பைக்கூட எண்ணிப் போடுகிறவள். ஒன்பது வருஷமும் கரகத்தின் பக்கம் கண் போகாமல் நோன்பு காத்த பதிவிரதை, அவளால்தான் கரகம் நின்றது என்று ஊரே அவளைக் கும்பிடும். அவளைக் கண்டால் எனக்குப் பயம். முடிச்சை அவிழ்த்து எடுத்தபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து எத்தனை லேசாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு நான் விதவை.

அவர் அடுத்த அறையில் என் வளையலைப் போட்டுக்கொண்டார். சோப்புத் தண்ணீர் விட்டு ஏற்றினார்கள். ஏற்றும்போதே இரண்டு உடைந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் அறைக்குள் போனேன்.

மற்ற நாளில் விதை மூட்டையும் மண்வெட்டியும் போட்டுவைக்கும் அறை அது; கரகம் எடுப்பவன் யாரானாலும் அவன் பெண்டாட்டி நோன்பிருப்பது அங்கேதான். தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல், கனத்த பலகைக் கதவு போட்டு ஆணி அடித்திருந்தது. ஓரகத்தி வாசலை மறித்துப் பாய் விரித்தாள். ஒருவேளைச் சாப்பாடு. பேச்சுக் கிடையாது. நான் அம்மனோடு சண்டை போட்டுக்கொண்டே ஒன்பது நாளைக் கழித்தேன். 'உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? ஊரில் மல்யுத்தம் பழகினவன் இருக்கிறான், மூட்டை தூக்குகிறவன் இருக்கிறான், நீ போய்ச் செம்பைக் கிணற்றில் போடுகிறவனைப் பிடித்தாயே' என்று திட்டுவேன். திட்டி முடித்து, அவரைப் பார்த்துக்கொள் என்று அழுவேன். அவள் இருக்கிறாள் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லாதவளிடம் யாரும் அத்தனை சண்டை போட மாட்டார்கள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஜன்னல் பலகையில் உயரே கையை ஊன்றிச் சாய்ந்தபோது விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. பலகையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் திரித்த துணிச் சுருள் ஒன்று அடைத்திருந்தது. இடுக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அந்தப் புடவையை எனக்குத் தெரியும். ஓரகத்தி ஒவ்வொரு பொங்கலுக்கும் கட்டுவது. முந்தானைப் பக்கம் கிழிந்து தைத்திருக்கும்.

துளையின் உயரம் என் நெற்றிக்கு மேல். நெட்டையான ஒருத்தியின் கண் உயரம்.

நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஜெபமாலைக்காரிபோல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஊர் கும்பிட்ட பதிவிரதை! இவள் பார்த்திருக்கிறாள். எத்தனை வருஷம்? ஒன்றா, ஒன்பதா? பார்த்தும் கரகம் நின்றதா? அப்படியானால் நாங்கள் எதற்காக இங்கே அடைந்து கிடக்கிறோம்? துணியை நான் இழுக்கவில்லை. எனக்கு அவள் தைரியம் கிடையாது.

பௌர்ணமி ராத்திரி முழுதும் பம்பைச் சத்தம் தூரத்தில் வளைந்து வளைந்து போயிற்று. பொழுது விடிந்தது. இனிக் கரகம் எங்கள் தெரு வழியாகக் கோயிலுக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. எங்கள் வீட்டு எதிரில் மட்டும் நிற்காமல், ஓட்டமாகக் கடந்துவிடுவார்கள். பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள் அல்லவா. பம்பை கிட்டத்தில் வந்தது. காதை அடைத்தது. கத்திக்காரர்கள் போடும் கோஷம் ஜன்னல் பலகையை அதிர வைத்தது.

எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்ததும் எல்லாம் நின்றது.

பம்பை இல்லை, கோஷம் இல்லை. ஆயிரம் பேர் நிற்கும் தெருவில் ஒரு இருமல்கூட இல்லை. ஒரே ஒரு பெண்பிள்ளையின் குரல் மட்டும், "ஐயோ, தாயீ" என்றது.

விழுந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன், உண்மையில் எனக்கு நினைப்பே ஓடவில்லை. ஓரகத்தி எழுந்து நின்றாள். வாயைப் பொத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

நான் விதை மூட்டைமேல் ஏறித் துணியைப் பிடுங்கினேன்.

தெருவெல்லாம் தண்ணீர். கரகம் வரும் வழியைக் குளிர்விக்கக் குடம் குடமாய் ஊற்றியிருந்தார்கள்; அதன்மேல் மிதிபட்ட மல்லிகை, வழுக்குப் பாறையாகக் கிடந்தது. சாக்கடைக் கல்லருகே என் வீட்டுக்காரர் கால் சறுக்கி விழுந்திருந்தார். ஒரு முட்டி தரையில், மறுகால் மடங்கி. கரகம் தலையில் இருந்தது. கொஞ்சம் சாய்ந்து, நின்றுகொண்டிருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. ஒரு கை மேலே போனால் பிடித்துவிடலாம், போகவில்லை. அவருக்கு ஒரு முழம் தள்ளி என் அண்ணன். கத்தி அவன் தலைக்கு மேல் தூக்கியிருந்தது. கண்ணீர் அவன் தாடியில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. கத்தி வெட்டவும் இல்லை, தாழவும் இல்லை.

பார்த்துவிட்டேனே, என் கண் பட்டுவிட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. இதோ இப்போது விழப்போகிறது. என்னால்தான் விழப்போகிறது. கண்ணை மூடலாம் என்றால் இமை அசையவில்லை.

அவர் முகம் என் பக்கம் இருந்தது. மை தீட்டிய கண் திறந்திருந்தது. என்னுடைய புடவை, என்னுடைய தாலி, உடைந்ததுபோக மிச்சமிருந்த என் வளையல். ஆனால் அந்த முகத்தில் என் வீட்டுக்காரர் இல்லை. மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் சொல்கிறேன், அது அவர் இல்லை. அவர் பயந்த முகம் எனக்குத் தெரியும். யோசிக்கிற முகம் தெரியும். அந்த முகம் இரண்டும் செய்யவில்லை. இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்தவள் பத்தடி தூரத்தில் சேற்றில் முட்டி போட்டு நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது.

முட்டி தரையைவிட்டு எழுந்தது. கையை ஊன்றாமல், கோலை ஊன்றாமல், கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல நேராக எழுந்தது. சாய்ந்த பூக்கோபுரம் நிமிர்ந்தது. தெரு ஒரே குரலில் அலறியது. பம்பை வெடித்தது. நான் துணியைத் திரும்ப அடைத்துவிட்டு மூட்டைமேலேயே உட்கார்ந்து பல் கிட்டிப்போய் ஆடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கோயிலில் எனக்குத் திரும்பத் தாலி கட்ட வந்தார். குளித்துச் சிரைத்து, பழைய வேட்டி. கண்ணில் கொஞ்சம் மை மிச்சமிருந்தது. கயிற்றை என் கழுத்துக்குக் கொண்டுவந்தவர் நழுவவிட்டார். தாலி அம்மன் சன்னதியில் கணீரென்று விழுந்து உருண்டது. ஊரே சிரித்தது, என் அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான், சிரித்துக்கொண்டே வெளியே ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. என் ஆள் திரும்பி வந்துவிட்டார்.

"நம்ம வூட்டாண்ட சறுக்கினீங்களே, எப்படி எழுந்தீங்க?" என்று வழியில் கேட்டேன்.

"சறுக்கினேனா?" என்றார். "நம்ம தெரு வந்ததே எனக்கு ஞாபகம் இல்லியே."

அப்போதுதான் நான் சொன்னதன் ஓட்டை எனக்கே தெரிந்தது. பின்னால் வந்த ஓரகத்தி காதிலும் விழுந்திருக்கும். அவள் வேகமாக நடந்து என் பக்கம் வந்தாள். "தெருவுல பேசிக்கினாங்க, அத்தக் கேட்டிருப்பா," என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் கையை ஒருமுறை அழுத்தினாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான், அவள் சாகும்வரை.

என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் எடுத்தார். மூன்று வருஷமும் பார்த்தேன். கரகம் நின்றது. என் நோன்பால் நின்றதாக ஊர் என்னையும் கும்பிட்டது. நான் கூசிக்கொண்டு நின்றேன். என் கண்ணால் விழுகிற அளவுக்கு அவள் லேசானவள் இல்லை என்பதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பலகையை மாற்றிவிடுவார்கள்.

நாலாவது வருஷம் பூ வேறொருவர் பெயருக்கு விழுந்தது, பங்காளி முறையில் ஒரு தம்பிக்கு. அவன் பெண்டாட்டி கல்யாணமாகி ஆறு மாதமே ஆனவள். அவள் தாலியை நான்தான் கழற்றினேன். முகத்தைப் பார்த்தால் நானே உடைந்துவிடுவேன் என்று பார்க்கவில்லை. ஓரகத்தி ஏன் பார்க்கவில்லை என்பது அப்போது புரிந்தது. அறைக்குள் வந்ததிலிருந்து அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். நான் வாசலை மறித்துப் பாயில் உட்கார்ந்தேன். ஜன்னல் பலகையில் மக்கிப்போயிருந்த பழைய சுருளை எடுத்துவிட்டு, என் முகூர்த்தப் புடவையில் கிழித்த புதுச் சுருளை முந்தின நாளே அடைத்துவைத்திருந்தேன். கரை நன்றாகத் தெரியும்படி. அவள் குட்டை என்பதால் விதை மூட்டையை ஜன்னலடியில் நகர்த்தியும் போட்டிருந்தேன்.

விடிந்து பம்பை எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நான் எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.